எம்பிஏ ஹெச்ஆர் படிக்கலாமா? காரைக்குடிப் பக்கத்துப் புள்ளைகளும் அவுக வீட்டு ஆளுகளும் அடிக்கடி கேக்குற கேள்விகள்

டிகிரி ரிசல்ட் வர்ற நேரம் வந்தா போதும், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர்னு எல்லாப் பக்கமும் இருந்து தம்பி தங்கச்சிகளும் அவுக அம்மா அப்பாவும் இதையேதான் கேக்குறாக. நானும் இந்த ஊர்ல படிச்சு ஹெச்ஆர்ல, அதாவது கம்பெனியில வேலை பாக்குற ஆளுகளைக் கவனிக்கிற மனிதவளத் துறையில, வேலை பாக்குற ஆளுங்கிறதால தனித்தனியா பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன், இனிமே இதைப் படிச்சுக்கங்க, மிச்சம் இருந்தா கேளுங்க.

ஹெச்ஆர்னா இன்டர்வியூ எடுக்குறதுதானே அண்ணே? அதுக்கு எதுக்கு ரெண்டு வருஷப் படிப்பு?

இன்டர்வியூ அதுல ஒரு ஓரம்தான். ஆள் எடுக்குறது, சம்பளம் போடுறது, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கட்டுறது, ஷிப்ட் போடுறது, ட்ரெயினிங் குடுக்குறது, ஒருத்தன் சொல்லாம கொள்ளாம பத்து நாள் லீவு போட்டா என்ன நடவடிக்கைன்னு பாக்குறது, அந்த நடவடிக்கை நாளைக்கு லேபர் கோர்ட்ல நிக்குமான்னு யோசிக்கிறது, யூனியன்காரவுகளோட உக்காந்து பேசுறது, கேண்டீன்ல சாம்பார் தண்ணியா இருக்குன்னு வர்ற புகார் வரைக்கும் எல்லாமே இந்த டிபார்ட்மென்ட் தலையிலதான் விடியும்.

எல்லாரும் "எனக்கு நல்லா பேச வரும், அதனால ஹெச்ஆர் எடுக்குறேன்"னு சொல்றாக. பேச வந்தா நல்லதுதான். ஆனா என்னையக் கேட்டா இந்தப் படிப்புக்கு ரெண்டு கால் இருக்கு, ஒண்ணு சட்டம், இன்னொண்ணு சம்பளக் கணக்கு, இது ரெண்டும் இல்லாம வெறும் பேச்சை மட்டும் வச்சுக்கிட்டு வர்றவுக முதல் வருஷத்துலயே வேலையில திணறுறதைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அது ரெண்டும் தெரிஞ்ச ஆள் கொஞ்சம் கம்மியாப் பேசினாலும் ஃபேக்டரியில மதிப்பு இருக்கு.

பி.காம் முடிச்சவுக மட்டும்தான் சேரணுமா? நான் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி, என் ஃப்ரெண்ட் பி.ஏ தமிழ்.

எந்த டிகிரியா இருந்தாலும் சேரலாம். எம்பிஏக்கு பொதுவா டிகிரியில 50 சதவீதம் கேப்பாக, இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 45. தமிழ் படிச்ச புள்ளைக பயப்படவே வேணாம், ஷாப் ஃப்ளோர்ல தொழிலாளிகிட்ட நோட்டீஸை அவருக்குப் புரியுற மாதிரி தமிழ்ல எழுதுறதுக்கு ஆள் கிடைக்காம கம்பெனிக தவிக்குது.

எம்பிஏ, எம்எஸ்டபிள்யூ, எம்ஏ லேபர் மேனேஜ்மென்ட்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. எது நல்லது?

இதைத்தான் யாரும் சரியா யோசிக்கிறது இல்ல, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

எம்பிஏல முதல் வருஷம் முழுக்க எல்லாருக்கும் ஒரே பாடம்தான், அக்கவுன்ட்ஸ், மார்க்கெட்டிங், எக்கனாமிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு. பெரும்பாலான காலேஜ்ல ரெண்டாம் வருஷம் வந்தப்புறம்தான் ஹெச்ஆரை ஸ்பெஷலைசேஷனா எடுப்பீங்க, அதுவும் சில இடத்துல ஹெச்ஆரோட இன்னொண்ணையும் சேத்து எடுக்கச் சொல்வாக. ஆக ரெண்டு வருஷத்துல உருப்படியா ஹெச்ஆர் படிக்கிறது ஒரு வருஷம்தான். ஐடி கம்பெனி, பேங்க், கன்சல்டன்சி பக்கம் போற ஆசை இருந்தா இது சரியா வரும், நாளைக்கு ஹெச்ஆர் வேணாம்னு தோணுனாலும் வேற பக்கம் திரும்பிக்கலாம்.

எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலைப் படிப்பு, வேற ரகம். முதல் நாள்ல இருந்தே களப்பணி உண்டு, வாரத்துல ரெண்டு நாளாவது ஆஸ்பத்திரி, கிராமம், ஃபேக்டரின்னு எங்கயாவது போயி உக்காரணும், அதை எழுதி ரெக்கார்டு குடுக்கணும். அதுல ஹெச்ஆர் ஸ்பெஷலைசேஷன் இருக்குற காலேஜா பாத்துச் சேரணும். ஃபேக்டரிகள்ல வெல்ஃபேர் ஆபீசர்னு ஒரு போஸ்ட் இருக்கு, 1948 ஃபேக்டரிஸ் ஆக்ட் காலத்துல இருந்தே 500 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற ஆலையில கட்டாயம் வச்சே ஆகணும்னு சட்டம், இப்ப வந்த புதுத் தொழிலாளர் சட்டத்துல (அதைப் பின்னாடி சொல்றேன்) அது 250 பேர்னு இறங்கியிருக்கு. இந்த போஸ்ட்டுக்கு யார் வேணா உக்கார முடியாது, விதியில சொல்லியிருக்குற படிப்பு இருக்கணும். எம்எஸ்டபிள்யூகாரவுக ரொம்ப காலமா இதுல உக்காந்திருக்குறது அதனாலதான். சேர்றதுக்கு முன்னாடி "சார், இந்தக் கோர்ஸ் வெல்ஃபேர் ஆபீசர் தகுதிக்கு ஒத்துக்குவாகளா"ன்னு காலேஜ்ல நேராக் கேளுங்க, பதில் மழுப்புனா எழுந்து வந்துருங்க.

எம்ஏ லேபர் மேனேஜ்மென்ட் சென்னையில தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்துல இருக்கு, அரசாங்கம் நடத்துறது. தொழிலாளர் துறை வேலை, டிஎன்பிஎஸ்சி, சட்டம்னு ஆசை இருக்குற புள்ளைக அதைப் பாக்கலாம். நம்ம ஊர்ப் பக்கம் இதைப் பத்தி யாருக்குமே தெரியல, அது எனக்கு ரொம்ப வருத்தம். அப்புறம் சென்னையில 1952-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கு, அங்க ஹெச்ஆருக்குன்னே தனி பிஜி உண்டு.

எந்த என்ட்ரன்ஸ் எழுதணும்?

தமிழ்நாட்டுக்குள்ளன்னா டான்செட், அண்ணா யுனிவர்சிட்டி நடத்துது. நாடு முழுக்கன்னா காட், ஸாட், சிமாட், மேட். ஜாம்ஷெட்பூர்ல இருக்குற எக்ஸ்எல்ஆர்ஐ 1949-ல இருந்து நடக்குற இடம், ஹெச்ஆர்னாலே முதல்ல சொல்ற பேர் அதுதான், அங்க போக ஸாட் எழுதணும். மும்பை டிஸ்ஸும் (டாடா இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ்) அதே வரிசை. ரெண்டுமே கஷ்டம், ஆனா நம்ம ஊர்ப் புள்ளைகளுக்கு ஆகாதுன்னு ஒண்ணும் எழுதி வைக்கல, கணக்குலயும் இங்கிலீஷ் பத்தியைப் படிச்சுப் புரிஞ்சுக்கிறதுலயும் ஒரு வருஷம் உக்காந்தா எழுதலாம்.

காரைக்குடியிலயே படிக்கிறதா, சென்னை போறதா?

அழகப்பா யுனிவர்சிட்டியிலயே மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கு, வீட்டுச் சாப்பாடு, ஹாஸ்டல் செலவு இல்ல. 1947-ல அழகப்பச் செட்டியார் இந்தப் பொட்டக்காட்டுல ஒரு காலேஜ் ஆரம்பிச்சாக, அது வளந்து 1985-ல யுனிவர்சிட்டி ஆச்சு, நடுவுல நிலமும் பணமும் குடுத்து சிக்ரிங்கிற மத்திய அரசோட மின்வேதியியல் ஆராய்ச்சி லேபையும் இங்க கொண்டு வந்துட்டாக. அம்புட்டையும் செஞ்சு வச்சது நாம வெளியூர் போயி கெஞ்சாம இருக்கத்தான்னு எங்க வீட்டுப் பெரியவுக சொல்லுவாக.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். பாடம் இங்கயும் அங்கயும் ஒண்ணுதான், கம்பெனிதான் இங்க இல்ல. சென்னையில படிக்கிற புள்ள சனிக்கிழமை கெஸ்ட் லெக்சருக்கு ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரு ஹெச்ஆர் மேனேஜர் வந்து பேசுறதைக் கேக்கும், நம்ம பக்கம் அதுக்கு ஆள் வரணும்னா பல்லவன் ரயிலைப் பிடிச்சு வரணும். மதுரை நடுவுல இருக்கு, தியாகராஜர் ஸ்கூல் ஆஃப் மேனேஜ்மென்ட் மாதிரி இடமும் இருக்கு, திருச்சியில பாரதிதாசன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மேனேஜ்மென்ட் இருக்கு. நல்ல இடத்துல சீட் கிடைச்சா போங்க. பேர் தெரியாத ஒரு காலேஜுக்கு லட்சக்கணக்குல கட்டிச் சென்னை போறதுக்கு இங்கயே படிச்சுட்டு, லீவுல எல்லாம் வெளியூர்ல இன்டர்ன்ஷிப் பண்றது எவ்வளவோ மேல்.

என்னென்ன பாடம் வரும்? எனக்கு கணக்கு சுத்தமா வராது.

ஆர்கனைசேஷனல் பிஹேவியர்னு ஒண்ணு வரும், அதுல 1943-ல மாஸ்லோ எழுதுன தேவைகள் அடுக்கு, சிகாகோ பக்கத்துல வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியோட ஹாத்தார்ன் ஆலையில 1924-ல இருந்து வெளிச்சத்தைக் கூட்டிக் கொறச்சுப் பாத்த ஆராய்ச்சி, மெக்ரிகரோட எக்ஸ் தியரி ஒய் தியரி எல்லாம் வரும். படிக்க ஜாலியா இருக்கும், பரீட்சைக்கும் ஈசி. ட்ரெயினிங், பெர்ஃபார்மன்ஸ் அப்ரைசல், காம்பன்சேஷன், இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ், லேபர் லா, ரிசர்ச் மெத்தட்ஸ், இப்பல்லாம் ஹெச்ஆர் அனலிட்டிக்ஸ்னு எக்செல்ல பண்ற பேப்பரும் சேந்துருச்சு.

இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் பேப்பர் வந்தா வெளிநாட்டு உதாரணத்தோட நிக்காதீங்க. நாட்டுல முறையா அமைச்ச முதல் தொழிற்சங்கம்னு சொல்ற மெட்ராஸ் லேபர் யூனியன் 1918-ல சென்னையில பி அண்ட் சி மில் தொழிலாளிகளை வச்சுத்தான் ஆரம்பிச்சது, பி.பி. வாடியா தலைவர், நம்ம திரு.வி.க. அதுல கூட நின்னவர். 1923-ல சிங்காரவேலர் மெரினா பக்கம் மே தினம் கொண்டாடினாரு, நாட்டுலயே அதுதான் முதல். ஒரு சம்பள உயர்வுப் பேச்சுவார்த்தையில எதுக்க உக்காந்திருக்குற ஆளுக்கு இந்தக் கதை எல்லாம் அத்துப்படி, நமக்கு மட்டும் தெரியலன்னா நல்லாவா இருக்கும்.

கணக்கு எந்த அளவுக்குன்னா, ஒரு உதாரணம் போட்டே காட்டுறேன். ஒருத்தர் கடைசியா வாங்குன பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேத்து மாசம் 18,200 ரூபாய். சர்வீஸ் 11 வருஷம் 7 மாசம். வேலையை விட்டுப் போறப்ப குடுக்குற பணிக்கொடை, அதான் கிராஜுவிட்டி, எவ்வளவு? மாசத்துக்கு 26 வேலை நாள்னு வச்சு வகுத்தா ஒரு நாளைக்கு 700 வரும். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், அப்ப 10,500. ஆறு மாசத்துக்கு மேல போன மிச்சத்தை முழு வருஷமா எடுத்துக்கணும், அதனால 12 வருஷம். பெருக்குனா 1,26,000 ரூபாய். இவ்வளவுதான் கணக்கு, எட்டாம் கிளாஸ் பெருக்கல் வகுத்தல். ஆனா 26-க்குப் பதிலா 30-ஆல வகுத்தீங்கன்னா அந்த மனுஷனுக்கு 16,800 ரூபாய் கொறைஞ்சு போயிரும், அவர் வீட்டுக்குப் போற நாள்ல அதைக் கண்டுபிடிக்க ஆள் இருக்க மாட்டாக. கணக்கு வராதுன்னு சொல்றதை விட்டுட்டு பொறுமையாப் போட்டுப் பழகுங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒரு செமஸ்டர் இருக்கும், அதைத் தாண்டிட்டா போதும்.

சட்டம் எல்லாம் மாறிருச்சாமே? பழைய புக்கை வச்சுப் படிக்கலாமா?

அதான் இப்ப பெரிய தலைவலி. 29 மத்திய சட்டத்தை நாலு தொகுப்பா சுருக்கிட்டாக, 2019-ல ஊதியத் தொகுப்பு, 2020-ல தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு மூணும். ரொம்ப நாள் கிடப்புல கிடந்துச்சு, 2025 நவம்பர் 21-ல அமலுக்குக் கொண்டு வந்துட்டாக. சீனியர்கிட்ட பாதி விலைக்கு வாங்குன லேபர் லா புக்கு தத்துவம் தெரிஞ்சுக்க ஆகும், செக்‌ஷன் நம்பர் எழுத ஆகாது. தொகுப்புகளை அரசாங்க வெப்சைட்ல ஃப்ரீயாவே எடுக்கலாம், எடுத்து பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க, இன்டர்வியூல இப்ப அதைத்தான் துருவித் துருவிக் கேக்குறாக.

முக்கியமா எங்க மாறியிருக்குன்னா, முதல்ல சம்பளம்ங்கிறதுக்கே விளக்கம் மாறிருச்சு. முன்னாடி கம்பெனிக பேசிக்கைக் கொறச்சு வச்சு மிச்சத்தை எல்லாம் அந்த அலவன்ஸ் இந்த அலவன்ஸ்னு பிரிச்சுருவாக, பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் கம்மியாக் கட்டுனா போதும்ல. இப்ப விலக்குக் குடுத்த அலவன்ஸ் எல்லாம் சேந்து மொத்தத்துல பாதிக்கு மேல போனா, தாண்டுற தொகையை சம்பளத்தோட சேத்துக்கணும். அப்புறம் ஃபிக்ஸ்டு டெர்ம்ல, அதாவது இத்தனை நாள்னு கெடு வச்சு, எடுக்குற ஆளுக்கு ஒரு வருஷம் முடிஞ்சாலே கிராஜுவிட்டி உண்டு, அஞ்சு வருஷம் காத்திருக்க வேணாம். வேலையை விட்டு நிக்கிற ஆளுக்கு சம்பள பாக்கியை ரெண்டு வேலை நாளுக்குள்ள குடுக்கணும். இந்தப் பக்கம் பாத்தா, ஆள் கொறைப்பு பண்ண அரசாங்க அனுமதி வாங்க வேண்டிய எல்லை 100 பேர்ல இருந்து 300-ஆ ஏறிருச்சு, தொழிற்சங்கங்க கடுமையா எதிர்க்குறது இதையெல்லாம்தான். பரீட்சையில ரெண்டு பக்க வாதத்தையும் எழுதுங்க, ஒரு பக்கத்தை மட்டும் எழுதுனா மார்க் போகும்.

மாநிலச் சட்டம் தனியா இருக்கு, அதை விட்றாதீங்க. 2021-ல தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல ஒரு திருத்தம் வந்துச்சு, கடையில வேலை பாக்குறவுகளுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு. நம்ம ஊர் ஜவுளிக்கடை நகைக்கடைக்குள்ள போறப்ப சும்மா கண்ணை ஓட்டுங்க, சேலை எடுத்துப் போடுற அக்காவுக்குப் பின்னாடி ஸ்டூல் இருக்கான்னு, இருந்தா அதுல உக்கார விடுறாகளான்னு.

எங்க ஐயா, "ஆள் வச்சு வேலை வாங்குறதுக்கு ஒரு படிப்பா, நாங்க எல்லாம் எங்க படிச்சோம்"னு சிரிக்கிறாக. என்ன சொல்றது?

சிரிக்கட்டும். அவுக சொல்றதுலயும் விஷயம் இருக்கு. நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கைன்னு கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ண, போன காலத்துல முதலாளி இங்க இருப்பாக, கடை ரங்கூன்லயோ பினாங்குலயோ இருக்கும். கடையைப் பாக்க ஏஜென்ட், அவுகளுக்குக் கீழ அடுத்தாள், அதுக்கும் கீழ பெட்டியடிப் பையன். பையனாப் போனவன் கணக்கு எழுதிப் பழகி, வட்டி பாத்துப் பழகி, அடுத்தாளா ஏறி அப்புறம் ஏஜென்ட் ஆவான். வழக்கமா மூணு வருஷக் கெடு, சம்பளச் சீட்டு எழுதிக் குடுத்துத்தான் கப்பல் ஏத்துவாக. வேலை என்ன, எவ்வளவு நாள், சம்பளம் எவ்வளவு, அடுத்த படி என்னன்னு எல்லாம் தெளிவா இருந்துச்சு. கரியர் லேடர், ஃபிக்ஸ்டு டெர்ம் கான்ட்ராக்ட்னு இன்னைக்கு கிளாஸ்ல எழுதிப் போடுறது ஐயாவுக்கு அவுக அப்பச்சி வாயிலேயே வந்த கதைதான்.

வித்தியாசம் எங்கன்னா, அங்க போனவன் பெரும்பாலும் சொந்த பந்தம், இல்லைன்னா ஊர்க்காரன், ஏதாவது ஏமாத்துனா கோயில்ல ஊர்ல தலைகாட்ட முடியாது. இன்னைக்கு ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வர்ற பையனுக்கும் முதலாளிக்கும் நடுவுல அந்தக் கட்டு எதுவும் இல்ல, காகிதமும் சட்டமும்தான் இருக்கு. அதைப் படிக்கத்தான் போறோம்னு ஐயாகிட்ட சொல்லுங்க. கையோட அவுக வீட்டுப் பரண்ல பழைய சம்பளச் சீட்டு இருந்தா வாங்கிப் படிச்சும் பாருங்க, ப்ராஜெக்ட்டுக்கே ஆகும்.

ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப் எங்க பண்றது? இங்க கம்பெனியே இல்லையே.

கம்பெனி இல்லைன்னு சொன்னது பெரிய கம்பெனியை. ஆள் வேலை பாக்குற இடம் இல்லாம இல்ல. புதுவயல்ல அரிசி மில்லுக வரிசையா நிக்குது, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை எல்லாம் ஹோட்டலா மாத்தி ஆள் வச்சிருக்காக, கண்டாங்கித் தறி இருக்கு, ஆத்தங்குடியில தரைக்குப் பதிக்கிற பூக்கல்லு (டைல்ஸ்) அடிக்கிற பட்டறைக இருக்கு.

வருஷா வருஷம் "ஊழியர்களின் பணி திருப்தி குறித்த ஓர் ஆய்வு"ன்னு தலைப்பை வச்சு, நூறு பேருக்கு கேள்வித்தாள் குடுத்து, அதுல பாதியை ஹாஸ்டல்ல உக்காந்து நாமளே டிக் பண்ணி, கை-ஸ்கொயர் போட்டு பைண்டிங் கடையில குடுக்குறது ஒரு சடங்காவே ஆகிப்போச்சு. அதுக்குப் பதிலா ஒரு வேலையை உக்காந்து பாருங்க. ஜாப் அனாலிசிஸ்னு ஒரு பாடம் இருக்குல்ல, அதுக்கு ஆத்தங்குடிப் பட்டறை மாதிரி வேற இடம் கிடைக்காது. அண்ணன் ஒரு கண்ணாடித் துண்டைக் கீழ வைக்கிறாரு, அது மேல இரும்புச் சட்டம், சட்டத்துக்குள்ள பூ டிசைன் அச்சு. ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் சிமெண்டுக் கலவையை அளவா ஊத்துறாரு, அச்சைத் தூக்குறப்ப ஒரு கலர் இன்னொண்ணுக்குள்ள கலங்கக் கூடாது. அது மேல காஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் சாந்தை வச்சு மட்டம் தட்டி, காய விட்டு, தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு எடுக்குறாக. கண்ணாடியைப் பிரிச்சா அந்தப் பக்கம் பளபளன்னு இருக்கும்.

இதுக்கு ஜாப் டிஸ்கிரிப்ஷன் எழுதச் சொன்னா நம்ம பய "கலர் ஊற்றுதல்"னு ஒரு வரி எழுதுவான். கலவை எந்தப் பதத்துல இருக்கணும்னு அவர் எதை வச்சு முடிவு பண்றாரு? புதுசா வர்ற ஆளுக்கு அந்தக் கை வர எவ்வளவு நாள் ஆகும், அதுவரைக்கும் அவனுக்குச் சம்பளம் யார் குடுக்குறது? எண்ணிக்கைக் கூலியா இருந்தா உடைஞ்ச கல்லு யார் கணக்கு? மழைக்காலத்துல கல்லு காயாம நின்னா அந்த நாளுக்கு என்ன? இந்த நாலு கேள்வியை எடுத்துக்கிட்டு ஒரு வாரம் உக்காந்தீங்கன்னா வேலை வடிவமைப்பு, பயிற்சி, ஊதியம்னு மூணு பாடத்துக்கு ஒரே இடத்துல பதில் கிடைச்சுரும். இன்டர்வியூல இதைச் சொல்லிப் பாருங்க, எதுக்க இருக்குற ஆள் பேனாவைக் கீழ வச்சுட்டுக் கேப்பாரு.

அதுக்காக உள்ளூரோடயே நின்றாதீங்க. ரெண்டாவது செமஸ்டர் லீவுல எப்படியாவது ஒரு பெரிய ஆலைக்குப் போயி வருகைக் கணக்கு பாக்குற டைம் ஆபீஸ்ல உக்காருங்க, ஒரகடமோ ஹோசூரோ கோயம்புத்தூரோ எதுவா இருந்தாலும் சரி.

இங்கிலீஷ் சரளமா வராதே?

வரணும், தப்பிக்க முடியாது. மெயில் எழுதணும், பாலிசி எழுதணும். ஆனா சினிமா ஹீரோ மாதிரி பேச வேணாம், தப்பில்லாம சுருக்கமா எழுத வந்தா போதும். தினமும் ஒரு லெட்டர் எழுதிப் பழகுங்க, ஷோ காஸ் நோட்டீஸ் (விளக்கம் கேக்குற கடிதம்), அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்னு. கூட இந்தி கொஞ்சம் பேசத் தெரிஞ்சா இன்னைக்கு ஆலைகள்ல தனி மரியாதை.

பொம்பளப் புள்ளைக்கு ஹெச்ஆர்தான் பாதுகாப்பான வேலைன்னு சொல்றாகளே, அதனால சேத்து விடலாமா?

ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டுற வேலைன்னு நெனச்சு சேக்குறாக. ஃபேக்டரி ஹெச்ஆர்னா நைட் ஷிப்ட்ல ஆக்ஸிடென்ட் ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், கேட்ல நூறு பேர் கத்திக்கிட்டு நிக்கிறப்ப முன்னால போயி நிக்கணும். அதைச் செய்யுற பொம்பளைக எத்தனையோ பேர் இருக்காக, என் மேனேஜரே ஒரு அக்காதான். அதனால பாப்பாவுக்கு அதுல விருப்பமான்னு மட்டும் கேளுங்க ஆச்சி. இன்னொண்ணு, 2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை பாக்குற எந்த இடத்துலயும் பாலியல் தொல்லை புகாரை விசாரிக்க உள் குழு இருக்கணும், அதுக்கு ஒரு மூத்த பெண் ஊழியர்தான் தலைவரா இருக்கணும். வேலைக்குச் சேர்ற அன்னைக்கே அந்தக் குழுவுல யார் யார் இருக்காகன்னு நோட்டீஸ் போர்டுல பாத்துக்கச் சொல்லுங்க.

வேலை பாத்துக்கிட்டே கரஸ்ல (தொலைதூரக் கல்வியில) பண்ணலாமா?

பண்ணலாம். யுஜிசியோட தொலைதூரக் கல்வி பட்டியல்ல அந்த வருஷத்துக்கு அந்தக் கோர்ஸ் பேர் இருக்கான்னு பாத்துட்டுப் பணம் கட்டுங்க. இக்னோவுல ஹெச்ஆர் எம்பிஏ இருக்கு. ஏற்கனவே டைம் ஆபீஸ்லயோ பேரோல்லயோ வேலை பாக்குற ஆளுக்கு இது நல்ல யோசனை, ப்ரமோஷனுக்கு உதவும். ஒண்ணுமே தெரியாத ஃப்ரெஷர் வீட்ல உக்காந்து கரஸ்ல படிச்சுட்டு வேலை தேடுறது கஷ்டம்.

லோன் கிடைக்குமா?

கிடைக்கும். பொதுவா 4 லட்சம் வரைக்கும் கைக்காசு போட வேணாம், 7.5 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேக்க மாட்டாக. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்டாம இருக்கலாம், ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும், அதை மறந்துட்டு சந்தோஷப்படாதீங்க. முடிஞ்சா படிக்கிறப்பவே வட்டியை மட்டுமாவது அப்பாவைக் கட்டச் சொல்லுங்க. வட்டிக் கணக்கு பாக்க நம்ம ஊர்ல சொல்லிக் குடுக்கணுமா என்ன.

ஏஐ வந்துருச்சு, ஹெச்ஆர் வேலை எல்லாம் போயிரும்ங்கிறாக?

ரெஸ்யூமேக்களை ஃபில்டர் பண்றது, இன்டர்வியூ டைம் போடுறது, லெட்டர் அடிக்கிறது, இதெல்லாம் மெஷின் கைக்குப் போயிக்கிட்டுத்தான் இருக்கு, வெறும் ரெக்ரூட்மென்ட் ஏஜென்சி வேலையை நம்பிப் படிக்காதீங்க. ஒரு தொழிலாளி மேல உள் விசாரணை நடத்தி ரெண்டு பக்கமும் கேட்டு முடிவு எழுதுறதும், மூணு வருஷ சம்பள ஒப்பந்தத்துக்கு யூனியனோட விடிய விடிய உக்காருறதும் இன்னும் மனுஷன் கையிலதான் இருக்கு.

வாத்தியாராப் போகணும்னா?

காலேஜ் வாத்தியார் தகுதித் தேர்வான யுஜிசி நெட் எழுதணும். நமக்கு ஏத்த சப்ஜெக்ட் ரெண்டு இருக்கு, மேனேஜ்மென்ட் கோட் 17, லேபர் வெல்ஃபேரும் ஹெச்ஆரும் சேந்தது கோட் 55. லேபர் லா பிடிச்சவுகளுக்கு 55 வசதி. ஆனா காலேஜ் வேலை அறிவிப்புல எந்தக் கோட் கேக்குறாகன்னு நாலஞ்சு அறிவிப்பைப் புரட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

யாரு இதைப் படிக்கக் கூடாது?

எல்லாருக்கும் நல்லவனா இருக்கணும்னு நெனைக்கிறவுக. முதலாளி உங்களை தொழிலாளி பக்கம்னு சொல்வாரு, தொழிலாளி உங்களை முதலாளி ஆள்னு சொல்வாரு, ரெண்டையும் ஒரே நாள்ல கேட்டுட்டு ராத்திரி தூக்கம் வரணும். ரகசியம் காக்கத் தெரியாதவுகளும் வேணாம், யாருக்கு எவ்வளவு இன்க்ரிமென்ட்னு வாய் விட்டீங்கன்னா அன்னையோட முடிஞ்சுச்சு.

காலேஜ் திறக்க இன்னும் நாள் இருக்கு, அதுவரைக்கும் என்ன பண்றது?

வீட்ல யாராவது பிஎஃப் பிடிக்கிற கம்பெனியில வேலை பாத்தா அவுக பாஸ்புக்கை ஆன்லைன்ல தொறந்து பாருங்க. தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன்னு மூணு பத்தி இருக்கும். சம்பளம் 15,000-ன்னா 12 சதவீதம், தொழிலாளி பங்கு 1,800 போயிருக்கும். முதலாளியும் அதே 12 சதவீதம்தானே கட்டணும், ஆனா அவர் பத்தியில 550 மட்டும்தான் இருக்கும், எங்கப்பாவோட முதலாளி ஏமாத்துறாருன்னு ஒரு தம்பி எனக்கு ராத்திரியில போன் போட்டான். ஏமாத்தலப்பா, அவர் கட்டுற 1,800-ல 8.33 சதவீதம், அதாவது 1,250 பென்ஷன் பத்திக்குப் போயிருது, மிச்சம்தான் அந்த 550. உங்க வீட்டுப் பாஸ்புக்குல இந்தக் கணக்கு சரியா வருதான்னு போட்டுப் பாருங்க, வரலைன்னா ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க பாப்போம்.